எஞ்சினை எழுப்பும் இரு கம்பிகள்

தமிழகத்து மின்சார வரலாற்றைப் பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) என நீர்மின் நிலையங்களின் வழியே எழுதிச் செல்வது வழக்கம். மின்சாரம் இல்லாத பொழுதுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. திண்டுக்கல் சமவெளியில் அது கிணற்றடியில் தொடங்குகிறது.

கமலைக்குப் பின்னும் மின்மோட்டாருக்கு முன்னும் இங்கே ஒலித்தது ஆயில் எஞ்சின். அதை எழுப்புவது ஒரு கலை. சுருக்கத்தைத் தளர்த்தும் நெம்பைத் தூக்கி, ஹேண்டிலைச் சுழற்றி, சக்கரம் வேகம் பிடித்த கணத்தில் நெம்பை விடவேண்டும். எப்போது எழுப்புவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானமும் அந்தக் கைக்கே உரியது.

அக்கையை விலக்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. கேடிலாக் காருக்குச் செல்ஃப் ஸ்டார்ட்டரை அளித்த சார்லஸ் கெட்டரிங்கின் டெல்கோ, 1916-இல் பண்ணை வீடுகளுக்கென 32 வோல்ட் பேட்டரிகளும் எஞ்சினும் சேர்ந்த அமைப்பை விற்றது. 1920-இல் கோலர் நிறுவனம் ஒரு படி மேலே சென்றது: வீட்டில் ஒரு விளக்கைப் போட்டால் போதும், எஞ்சின் தானே எழும். பின்னாளில் இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனமும் 'ஸ்டார்ட்-ஓ-மாட்டிக்' என்ற பெயரில் இதையே டீசலில் செய்தது.

நம்மூரில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பலரும் அறிந்தது 2008 முதல் 2015 வரை நீடித்த மின்தட்டுப்பாட்டில்தான். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஜெனரேட்டர், வீடுகளில் இன்வர்ட்டர். 2012-இல் வெட்டு நீண்டபோது இன்வர்ட்டரும் பாதியில் கைவிட்டது. பேட்டரி தீரும்போது ஜெனரேட்டரை எழுப்பும் பொறுப்பை இன்வர்ட்டரிடமே விட்டாலென்ன? மின்கம்பி எட்டாத சூரிய மின்சாரத் தோட்ட வீடுகளுக்கு இது வசதியன்று, தேவை.

வயரிங் எளியது. இன்வர்ட்டருக்குள் இருக்கும் ரிலேயிலிருந்து இரு கம்பிகள் ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். அவை இணைந்தால் ஓடு, பிரிந்தால் நில். கடினம் இருப்பது காத்திருத்தலில். 48 வோல்ட் பேட்டரி அடுக்கில், தண்ணீர் மோட்டார் கிளம்பும் சில நொடிகளுக்கு மின்னழுத்தம் சரிந்து மீளும். அதை நம்பினால் எஞ்சின் வீணே எழும். ஆகவே தாழ்நிலை சில நிமிடங்கள் நீடித்தால்தான் ரிலே மூடவேண்டும். எழுந்த எஞ்சின் சூடேறிய பிறகே சுமையை ஏற்கவேண்டும். முன்பு கை அறிந்திருந்த பக்குவம் இப்போது எண்களாக உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹேண்டில் எஞ்சினை இதில் சேர்க்க இயலாது. ஸ்டார்ட்டர் மோட்டாரும், அதற்கெனத் தனியே ஒரு 12 வோல்ட் பேட்டரியும் வேண்டும். பெரிய பேட்டரியைக் காக்கவந்த எஞ்சின் இந்தச் சின்ன பேட்டரி செத்ததால் எழாமற்போவது இத்தொழிலின் பழைய நகைச்சுவை.

நகைச்சுவையல்லாத இரண்டும் உண்டு. பழுதுபார்ப்பவர் விசிறி பெல்ட்டில் கைவைத்திருக்கும்போது, யாரையும் கேட்காமல் இந்த எஞ்சின் கிளம்பக்கூடும். எனவே அவ்விரு கம்பிகளின் நடுவே, எஞ்சினருகிலேயே, நிறுத்து சுவிட்ச் ஒன்று அவசியம். அதை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் பேட்டரியின் வயரையும் கழற்றியபின் தொடவேண்டும். வாரிய இணைப்பும் உள்ள வீடானால், இரண்டும் ஒருசேர இணைய முடியாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தாகவேண்டும். இல்லையேல் ஜெனரேட்டரின் 230 வோல்ட், தெருவோரத்து டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாக, 'கரண்ட் இல்லை' என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தேடிப் போகும்.