முக்காலே அரைக்கால்

சித்தேரியில் நான் முதன்முதலில் கடைக்கால் தோண்டியது 10 அடிச் சதுர அறை ஒன்றுக்கு. மலைச்சரிவு, கண்ணை நம்பினால் மூலை கோணிவிடும். கொத்தனாரான என் தாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நீளத்துல முக்காலே அரைக்கால், அகலத்துல பாதி. ரெண்டையும் கூட்டிக்கப்பா" என்றார்.

மூலைவிட்டம் காணும் இந்த வழி போதையனார் பெயரால் வழங்கும் ஒரு பாட்டில் இருக்கிறது. நெடிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, குறுகியதில் பாதியைச் சேர். வர்க்கமூலமே வேண்டாம். 4-க்கு 3 என்றால் 5, 12-க்கு 5 என்றால் 13, இரண்டும் துல்லியம். அரைக்கால், மாகாணி என்று பின்னங்களை வாய்ப்பாடாக ஓதி வளர்ந்தவர்களுக்கு எட்டில் ஏழு எடுப்பது மூச்சுவிடுவது போல. அந்த வாய்ப்பாடு பள்ளியை விட்டுப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்.

சதுரத்தில்தான் இது சறுக்கும். என் அறைக்கு 13.75 அடி வந்தது. உண்மை அளவு 14.14. ஏறக்குறைய 4.7 அங்குலம் குறைவு, கயிறு மூலைக்கு எட்டவில்லை. 3-க்கு 4 அளந்து, குறுக்கே 5 வருகிறதா என்று பார்த்துத்தான் மூலையைச் சரிசெய்தோம்.

சதுரத்துக்கென்றே சுல்ப சூத்திரத்தில் போதாயனர் சொன்ன கணக்கு உண்டு: பக்கத்தோடு அதில் மூன்றிலொன்று, அந்த மூன்றிலொன்றில் நாலிலொன்று சேர், கடைசியாகச் சேர்த்ததில் 34-இல் ஒரு பங்கைக் கழி. 1.41421 வரை பிசகாது. வேள்விமேடைக்குச் செங்கல் அடுக்கியவர்களின் கணக்கு அது.

நான் இப்போது செய்வது அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதிவைத்த வழி. அதே 10 அடி அறைக்கு இரு பக்க வர்க்கங்களின் கூட்டு 200. அதன் வர்க்கமூலம் 14 என்று ஊகிப்பேன். 200-ஐ 14-ஆல் வகுத்தால் 14.286. இரண்டுக்கும் நடு 14.143. செங்கல்மேல் கரித்துண்டால் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்.