சுடுகாட்டுப் பூவும் உயிர்காக்கும் மருந்தும்

வேலியோரத்திலும் வீட்டு முற்றத்திலும் நீர் வார்ப்பாரின்றித் தானே வளர்ந்து, ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. என்றும் பூத்திருப்பதால் அது அப்பெயர் பெற்றது. இடுகாட்டு மேடுகளிலும் மண்டிக் கிடந்தமையால் சுடுகாட்டு மல்லிகை என்னும் பெயரும் அதற்கு உண்டு. மலாய் மக்கள் அதனைக் கெமுந்திங் சீனா என்பர். மங்கலத்தையும் அமங்கலத்தையும் ஒருங்கே தாங்கிய இச்செடி, இருபதாம் நூற்றாண்டில் புற்றுநோய் மருத்துவத்திற்குப் புதுவழி காட்டிய வரலாறு அறியத்தக்கது.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து அழகுச் செடியாக வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் இது பரவியது. சென்ற இடங்கள் சிலவற்றில் நாட்டு மருத்துவர்கள் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவு நோயாளர்க்குக் கொடுத்து வந்தனர். ஜமைக்காத் தீவிலும் அவ்வழக்கம் இருந்தது.

1952ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து 25 இலைகளைத் தாங்கிய அஞ்சல் உறை ஒன்று கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதனை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் உடன்பிறப்பு இராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டியபோது குருதியில் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ, எலிகள் சில நாள்களில் கிருமித் தொற்றால் மடிந்தன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று அவர் ஆய்வைக் கைவிட்டிருக்கலாம். ஆனால், எலிகள் ஏன் மடிந்தன என்னும் வினாவை அவர் எழுப்பினார். அவற்றின் குருதியில் வெள்ளை அணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. எலும்பு மச்சையும் நலிந்திருந்தது. வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், அவ்வணுக்கள் அளவின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயை அடக்கக்கூடுமன்றோ!

1954இல் வேதியியல் அறிஞர் சார்லஸ் பீர் அவருடன் இணைந்தார். இருவரும் முயன்று இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருளை 1958இல் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் சுவபோடா முதலியோரும் இச்செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களது உழைப்பால் வின்கிறிஸ்டின் என்னும் மற்றொரு மருந்து கிடைத்தது. 1963இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

இம்மருந்துகள் செயற்படும் முறை வியப்பிற்குரியது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிழைகள் தோன்றி மரபுத்திரிகளை இருபுறமும் இழுத்துப் பங்கிடும். அவ்விழைகள் உருவாகாவண்ணம் இம்மருந்துகள் தடுத்துவிடுகின்றன. பங்கீடு நின்றால் பிரிவும் நிற்கும். இடைவிடாது பிரிந்து பெருகும் புற்றணு அழியும்.

1960களின் தொடக்கத்தில், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பிழைத்தோர் பத்தில் ஒருவர்கூட இலர். வின்கிறிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்த பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. இன்று வசதி மிக்க நாடுகளில் அக்குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். இப்பெருமை இச்செடி ஒன்றிற்கே உரியதன்று. எனினும் அதன் பங்கு சிறிதன்று.

ஆயினும், இவ்வரலாற்றைப் பிழைபடப் புரிந்துகொள்வோரும் உளர். செடியிலிருந்து மருந்து பிறந்ததென்றால், இலையைக் கிள்ளிக் கசாயமிட்டுக் குடித்தாற் போதுமே என எண்ணுவது பெருந்தவறு. இலையில் மருந்தின் அளவு மிக நுண்ணியது. ஒரு கிராம் பெறுவதற்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனோடு பல்வேறு நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. தூய்மைப்படுத்திய மருந்தே நரம்புகளைத் தாக்கவல்லது. இரத்தக் குழாயில் செலுத்த வேண்டிய வின்கிறிஸ்டினை முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். கசாயத்தை நம்பி மருத்துவமனையை நாடாதிருப்போர் இழப்பது காலத்தை. அந்நோயில் காலமே உயிர்.

சிந்திக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்து உழவர்கள் இச்செடியைப் பயிரிட்டு மருந்துத் தொழிலுக்கு அளித்து வந்துள்ளனர். ஆனால், இம்மருந்துகள் ஈட்டிய பெருஞ்செல்வத்தில் செடியின் தாயகமாகிய மடகாஸ்கருக்குப் பங்கு கிட்டவில்லை என்னும் குறை நெடுங்காலம் பேசப்பட்டது. ஆய்வைத் தூண்டிய இலைகளோ ஜமைக்காவில் முளைத்தவை. அவ்வாறாயின் உரிமை யாருக்கு? எளிதில் விடை காணவியலாத இத்தகைய வினாக்களை உலகம் எதிர்கொண்டமையின் விளைவாகவே, தன் நாட்டு உயிர்வளத்தின்மீது ஒவ்வொரு நாட்டிற்கும் உரிமை உண்டு என 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை உறுதி செய்தது.

2022இல் அறிஞர்கள் ஈஸ்ட் அணுக்களின் மரபை மாற்றி, அவற்றிலேயே வின்பிளாஸ்டினுக்கு முன்னோடியான மூலக்கூறுகளை விளைவித்துக் காட்டினர். செடியின்றியே மருந்து பெறும் காலம் வரலாம். ஆனால், அதனை ஆக்கும் வித்தையை மனிதன் கற்றது அச்செடியிடமே. பெயரறியாச் செடிகள் எத்தனையோ காடுகளோடு அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் எது எந்நோய்க்கு மருந்தாகும் என்பதை யாரறிவார்? காடு காப்பதும் நோய் தீர்க்கும் பணியே.