காது குத்தியாச்சு... அப்புறம்?

காதுகுத்துன்னாலே தாய்மாமன் மடி, மொட்டை, கிடா வெட்டு, மொய்னு பேச ஆயிரம் விஷயம் இருக்கு. ஆனா விருந்து முடிஞ்சு பந்தலைப் பிரிச்ச பிறகு, அந்தச் சின்னப் புண்ணு எப்படி ஆறுச்சுங்கிற கதையை யாரும் பெருசா கண்டுக்கிறதில்லை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

சுஸ்ருத சம்ஹிதையில இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு (சூத்திர ஸ்தானம், 16). 6 அல்லது 7 மாசக் குழந்தையைத் தாதி மடியில வச்சு, பொம்மை காட்டி ஏமாத்தி, வெயில் ஊடுருவித் தெரியற இடமா பாத்துக் குத்தணுமாம். ரத்தம் அதிகமா வந்தாலோ, வலி கூடுதலா இருந்தாலோ இடம் தப்புன்னு அர்த்தம். குத்தினதும் பஞ்சுத் திரி நுழைச்சு, எண்ணெய் விடணும். 3 நாளைக்கு ஒரு தடவை முந்தினதை விடத் தடிமனான திரி. வீங்கிடுச்சுன்னா? திரியை உருவிட்டு அதிமதுரம், மஞ்சிட்டி, பார்லி, ஆமணக்கு வேர் அரைச்சு, தேன் நெய் கலந்து பூசு, ஆறினப்புறம் திரும்பக் குத்துங்கிறார். புண்ணு கெட்டா என்ன பண்றதுன்னு அப்பவே யோசிச்சிருக்காங்க பாருங்க.

ஏன் தடிமனான திரி? ஓட்டையைப் பெருசாக்கத்தான். நம்ம ஊர் காதோலையும் அதே வேலைதான் பண்ணுச்சு. சுருட்டின பனை ஓலை விரியப் பாக்கும், கூடவே ஓட்டையும் விரியும். (ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விடுற காதோலை கருகமணி ஞாபகம் வருதா?) திருநெல்வேலிப் பக்கத்துப் பாம்படம், மதுரைப் பக்கத்துத் தண்டட்டி எல்லாம் இப்படிக் காது வளர்த்துப் போட்டதுதான். முதல்ல பஞ்சு, அப்புறம் குணுக்குன்னு கனத்தைக் கூட்டிக்கிட்டே போவாங்க. அவசரப்பட்டா சோணை அறுந்துபோகும். அறுந்த காதை ஒட்டவைக்க சுஸ்ருதர் 15 முறை சொல்லியிருக்கார்னா, எத்தனை காது அறுந்திருக்கும்னு யோசிச்சுக்குங்க :-)

வீட்டு வைத்தியமும் இந்த வழியில வந்ததுதான். ஆசாரி குத்தின தங்கக் கம்பியைத் தினமும் திருகிவிடு, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடு, ஓட்டை தூந்து போகாம வேப்பங்குச்சி சொருகு. நூலும் குச்சியும் புண்ணோட ஒட்டிக்கும், அதனால அசைச்சுவிட ஒரு காரணம் இருந்துச்சு. வழவழப்பான டைட்டானியம், தங்கத் தோட்டுக்கு அது தேவையில்லை. திருகத் திருக உள்ளே உருவாகிற புதுத்தோல்தான் கிழியுது.

இது தொழிலா வளர்ந்தது அமெரிக்காவுல. ஜிம் வார்டு 1975-ல ஆரம்பிச்ச காண்ட்லெட், 1978-ல மேற்கு ஹாலிவுட்டுல கடையாச்சு. 1994-ல குத்துறவங்களுக்குன்னு ஒரு சங்கமும் வந்துச்சு. அவங்க இன்னிக்கு சொல்றது ரொம்ப சிம்பிள்: கையைக் கழுவு, 0.9% உப்புக் கரைசல்ல சுத்தம் பண்ணு, மத்தபடி தொடாதே. ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது புதுத் திசுவையும் சேத்து எரிச்சிடும்.

இன்னொண்ணு முக்கியம். பாட்டி வைத்தியம் பெரும்பாலும் சோணைக்கு உண்டானது. அங்க ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், 6-8 வாரத்துல ஆறிடும். இப்பப் பசங்க குத்திக்கிற மேல்காது குருத்தெலும்பு. அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, ஆற பல மாசம் ஆகும். 2000-ல அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல ஒரு நகைக்கடையில மேல்காது குத்திக்கிட்ட 7 பேருக்கு சூடோமோனாஸ் கிருமி தொத்தினது உறுதியாச்சு. கிருமி எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க? கிருமிநாசினி தெளிக்கிற பாட்டில்லேர்ந்தே! அந்தக் கிருமி குருத்தெலும்பைத் தின்னா காதோட வடிவமே போயிடும்.

அதனால மேல்காது சிவந்து, சூடா வீங்கி, சீழ் வந்தா மஞ்சளைத் தேடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. நீங்களா நகையைக் கழட்டவும் வேண்டாம். ஓட்டை மூடிக்கிட்டா சீழ் உள்ளேயே தங்கிடும்.

சுஸ்ருதர் சொன்னதுல இன்னிக்கும் நிக்கிறது எண்ணெயோ திரியோ இல்லீங்க. சரியான இடம், பொறுமை, புண்ணு மேல ஒரு கண்ணு. அவ்வளவுதான்.

உங்க ஊர்ல குத்தின காதுக்கு என்ன போடுவாங்க? சொல்லிட்டுப் போங்க மக்களே.