கட்டுக்குள் எரியும் தீ

சுவிற்சர்லாந்து நாட்டு இயற்கை நூலறிஞர் கொன்றாட் கெஸ்னர், மார்மொட் என்னும் மலைவிலங்கின் உடலில் புதுமையான ஓர் இழையம் இருப்பதை 1551ஆம் ஆண்டிலே எழுதிவைத்தார். அது கொழுப்புமன்று, தசையுமன்று என்பது அவர் கண்ட முடிவு. மார்மொட் பனிக்காலம் முழுவதும் உறங்கும் விலங்காதலின், பிற்காலத்தார் அதனை உறக்கச் சுரப்பி என்றனர். நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1960ஐ ஒட்டிய காலத்தில், குளிரில் உடலுக்கு வெப்பமளிப்பதே இக் கபிலநிறக் கொழுப்பின் தொழில் என்பது துலங்கலாயிற்று.

அவ்வெப்பம் பிறப்பது எவ்வாறு? கலங்களினுள்ளே இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவை உணவை எரித்து, அச்சக்தியால் புரோத்தன்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. அணையில் தேங்கிய நீர் சக்கரத்தைச் சுழற்றிப் பாய்வதுபோல, அவை திரும்பும் வழியில் ஏரீபீ என்னும் சக்திப்பொருள் உண்டாகின்றது. 1961இல் இக்கொள்கையை வெளியிட்ட ஆங்கிலேய விஞ்ஞானி பீற்றர் மிற்செல் 1978இல் நோபெல் பரிசு பெற்றார்.

அணையில் ஓட்டை விழுந்தாலோ, சக்கரம் சுழலாது. சக்தி முழுவதும் வெப்பமாகிவிடும். இதன் கொடுமையை உலகம் முன்னரே கண்டிருந்தது. 1933 முதல் அமெரிக்காவில் உடல் மெலிவதற்கெனப் பலர் டைநைத்திரோபீனோல் என்னும் மருந்தை உட்கொண்டனர். சவ்வைத் துளைத்தாற்போல் வேலை செய்யும் அம்மருந்தினால் உடல்வெப்பம் கட்டுமீறி ஏறிச் சிலர் மாண்டனர். சிலர் கண்ணொளி இழந்தனர். 1938இல் அது விலக்கப்பட்டது.

கபிலக் கொழுப்பிலும் புரோத்தன்கள் கசிகின்றன. ஆனால் அங்கு மதகும் உண்டு, காவலும் உண்டு. டேவிட் நிக்கல்ஸ் முதலியோர் 1970களில் இதனை ஆராய்ந்து, 1978இல் அம்மதகு ஒரு புரதமே எனக் காட்டினர். சாதாரண வேளையில் ஏரீபீ முதலிய நியூக்கிளியோதைட்டுகள் அப்புரதத்தைப் பற்றி மதகை அடைத்துவைக்கின்றன. குளிர் தாக்கியதும் மூளை பரிவு நரம்புகளை ஏவ, அவற்றின் முனைகளில் நோரதிரனலீன் சுரக்கின்றது. அதனால் கலத்திலுள்ள கொழுப்பு பிரிந்து கொழுப்பமிலங்கள் தோன்றுகின்றன. அவையே எரிபொருளாகி, அவையே மதகையும் திறந்துவிடுகின்றன. குளிர் நீங்கினால் நரம்பு அடங்கும், கொழுப்பமிலம் குறையும், மதகு மீண்டும் அடைபடும். குளிர் நாட்கணக்கில் நீடிப்பின், அப்புரதமும் இழைமணிகளும் பெருகுகின்றன.

இப்புரதம் இல்லாதவாறு ஆக்கப்பட்ட எலிகள் குளிரைத் தாங்கமாட்டாமற் போனதை 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நடுங்கி வெப்பம் பெறும் ஆற்றல் குறைந்த பச்சிளங் குழந்தைக்கும் இதுவே துணை. வளர்ந்தோரிடம் இது அற்றுப்போகும் என்ற பழைய எண்ணமும், பலரிடம் இது தொழிற்படுவதை 2009இல் ஆய்வுகள் நிறுவியதும் மாறியது.

இதனைத் தூண்டி உடற்பருமனைக் குறைக்க இயலுமா என ஆராய்வோர் இன்று பலர். அவர்கள் மறத்தலாகாத பாடம் ஒன்றே: தீயை மூட்டுவது எளிது, 1930களின் மருந்தில் இல்லாதது அதனை அணைக்கும் வழியே.