முதல் குற்றமும் இரண்டு வயதெல்லைகளும்: இந்தியப் போக்குவரத்துச் சட்டத்தில் இளம் ஓட்டுநர் (1939–2019)

பதினெட்டு வயது நிரம்பாத ஓட்டுநர் ஒருவர் சாலை விதியை முதன்முறையாக மீறி வழக்கிற்கு உள்ளாகும்போது, இந்தியாவில் இரண்டு சட்ட மரபுகள் அவரை எதிர்கொள்கின்றன. ஒன்று மோட்டார் வாகனச் சட்டங்களின் மரபு. மற்றொன்று சிறார் நீதிச் சட்டங்களின் மரபு. வெவ்வேறு தேவைகளிலிருந்து தோன்றிய இவ்விரண்டும் ஒன்றையொன்று பெரிதும் கருத்தில் கொள்ளாமலே வளர்ந்தன. அவற்றுக்கிடையிலான பொருத்தமின்மையின் சுமை இளம் ஓட்டுநரின் மீதே விழுந்து வந்துள்ளது என்பதை 1939 முதல் 2019 வரையிலான சட்ட வாசகங்களின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1914ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு இயற்றப்பட்டது. பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதற்கு 18 வயதும், போக்குவரத்து ஊர்தி ஓட்டுவதற்கு 20 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு விதித்தது. ஆனால் வரலாற்று நோக்கில் கூடுதல் கவனத்திற்குரியது அதன் 130ஆம் பிரிவே. கடுமையான குற்றங்கள் நீங்கலாக ஏனையவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் வரவேண்டியதில்லை என்பதை அழைப்பாணையிலேயே குறிப்பிடுமாறு அப்பிரிவு நீதிமன்றத்திற்குக் கட்டளையிட்டது. அவர் வழக்கறிஞரை அனுப்பலாம். அல்லது பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் குறிப்பிடும் தொகையை 25 ரூபாய்க்கு மிகாமல் அனுப்பிவிடலாம். அவ்வாறு அனுப்பியவர்மீது மேல்நடவடிக்கை இல்லை என்பதோடு, குற்றத்தை ஒப்புக்கொண்ட காரணத்தால் அவர் உரிமத் தகுதியை இழக்கவும் மாட்டார். பெருகிவரும் சிறு வழக்குகளை நீதிமன்றக் கூடத்திற்கு வெளியிலேயே தீர்த்துவிடும் நோக்கம் இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

1988ஆம் ஆண்டின் சட்டமும் 208ஆம் பிரிவில் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது. பதிவுத் தபாலின் இடத்தை இப்போது மணியார்டர் பிடித்தது. குற்ற ஒப்புதலை மணியார்டர் கூப்பனிலேயே எழுதலாம் என்று சட்டம் கூறியது. சிறிய அந்தத் தாள் நறுக்கே வாக்குமூலமாகவும் வழக்கின் முடிவாகவும் அமைந்தது. தகுதியிழப்பிலிருந்து பாதுகாப்பும் அப்படியே நிலைபெற்றது. 200ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலர் சாலையிலேயே இணக்கத் தொகை பெற்று வழக்கை முடிக்கலாம். மக்கள் வழக்கில் இதுவே ‘ஸ்பாட் ஃபைன்’. டெல்லியில் 2019இல் தொடங்கப்பட்ட மெய்நிகர் நீதிமன்றம் வரை இப்போக்கு ஒரே திசையில் செல்கிறது. எட்டுப் பத்தாண்டுகளாகப் போக்குவரத்துச் சட்டம் முயன்றது, குற்றஞ்சாட்டப்பட்டவர் இல்லாமலே வழக்கை முடிப்பதற்கு எனலாம்.

இம்மரபில் ‘முதல் குற்றம்’ என்பது அபராதத்தின் அளவைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கு. வேறு தண்டனை குறிப்பிடப்படாத குற்றங்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 177ஆம் பிரிவு முதல் முறைக்கு 100 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 300 ரூபாய் வரையிலும் அபராதம் விதித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தொகைகளை முறையே 500, 1,500 என உயர்த்தியது. இக்கணக்கு செயற்பட வேண்டுமாயின் முந்தைய குற்றம் பதிவில் இருந்தாக வேண்டும்.

சிறார் நீதி மரபு இதற்கு நேர்மாறானது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டத்திலிருந்து தொடங்கும் அம்மரபு, சிறாரைத் தனி மன்றத்தின்முன் கொண்டுவந்து, பெற்றோரையும் உடன் அழைத்துப் பேச விரும்புவது. தபாலில் முடியும் வழக்கு அதற்கு அந்நியமானது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இளைஞர் நீதிக் குழுமம் சிறாருக்கு அறிவுரையோ கண்டிப்போ வழங்கி வீட்டிற்கு அனுப்பலாம்; சமூகப் பணி செய்யுமாறு ஆணையிடலாம்; சிறாரையோ பெற்றோரையோ அபராதம் செலுத்தச் சொல்லலாம். சமூகப் பணிக்கு 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் தரும் எடுத்துக்காட்டுகளுள் போக்குவரத்துத் தன்னார்வலர் பணியும் ஒன்று. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய சிறு குற்றங்களின் விசாரணை, நீட்டிக்கப்பட்ட காலத்திற்குள்ளும் முடியவில்லையெனில் முற்றுப்பெற்றுவிடும். குற்றத் தீர்ப்பால் நேரும் எந்தத் தகுதியிழப்பும் சிறாரைப் பற்றாது என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் எண்ணிக்கை வைக்கிறது. சிறார் நீதிச் சட்டமோ எண்ணிக்கையை அழிக்கிறது.

இரு மரபுகளின் வயதெல்லைகள் மோதிய காலம் ஒன்றுண்டு. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பையனுக்கு 16 வயதையும் பெண்ணுக்கு 18 வயதையும் எல்லையாக வகுத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் 2001 ஏப்ரல் 1இல் புதிய சிறார் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், பதினேழு வயதுப் பையன் ஒருவன் கார் ஓட்டிப் பிடிபட்டால் அவன் ஒரே நேரத்தில் இரண்டு வயதினனாக இருந்தான். உரிமம் பெறுவதற்குப் போதிய வயதில்லாதவன் என்பதே அவன் குற்றம். ஆனால் அக்குற்றத்திற்கு வயதுவந்தவனாகவே அவன் குற்றவியல் நடுவரின்முன் நின்றான். அவனுடைய வகுப்புத் தோழி அதே குற்றத்தைச் செய்திருந்தால் சிறார் நீதிமன்றத்திற்குச் சென்றிருப்பாள். இவ்வேறுபாட்டிற்குச் சாலைப் பாதுகாப்பு சார்ந்த நியாயம் எதுவும் இல்லை. சிறார் நீதி பற்றிய ஆய்வுகள் இக்காலகட்டத்தைக் கடுங்குற்றங்களின் வழியாகவே பெரிதும் நோக்கியுள்ளன. சிறு வழக்குகளில் இம்முரண் இன்னும் கூர்மையானது.

2001இல் எல்லை இருபாலருக்கும் 18 ஆயிற்று. பதினாறு வயதில் உரிமம் பெறக்கூடிய வாகனமும் ஒன்றிருந்தது. தொடக்கத்தில் கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்றும், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 50 சி.சி.க்கு மிகாத எஞ்சின் கொண்டது என்றும் 4ஆம் பிரிவின் காப்புரை அதை வரையறுத்தது. பதினெட்டுக்குக் குறைந்தவர் அதற்குப் பழகுநர் உரிமம் பெறப் பாதுகாவலரின் எழுத்துவழி ஒப்புதல் தேவைப்பட்டது. பெற்றோர் இச்சட்டத்திற்குள் முதலில் நுழைந்தது ஒப்புதல் கையெழுத்திடுபவராகத்தான்.

2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவு அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சிறார் ஒருவர் இச்சட்டத்தின்கீழ்க் குற்றம் புரிந்தால், பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ தடுக்க உரிய முயற்சி செய்ததாகவோ மெய்ப்பிக்கும் சுமை பெற்றோரையே சாரும். பெரும் விபத்துகளை மனத்திற்கொண்டால் இக்கடுமை புரியத்தக்கதே. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்தபோது, 300 சொற்களில் கட்டுரை எழுதுவதையும் ஒரு நிபந்தனையாக வைத்துப் பிணை வழங்கப்பட்டதும் மக்கள் கொதித்தெழுந்தது நினைவிருக்கும். எனினும் 199ஏ பிரிவின் வாசகம் பெரும் விபத்தோடு நிற்கவில்லை. ‘இச்சட்டத்தின்கீழ் ஒரு குற்றம்’ என்றே அது தொடங்குகிறது.

அப்பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, குற்றம் புரிந்த சிறாருக்கு 25 வயது வரை உரிமம் பெறும் தகுதி இல்லை என்கிறது. முறையாக உரிமம் பெற்று, அதற்குரிய வண்டியையே ஓட்டிய சிறாரின் பாதுகாவலருக்கு மூன்றாம் உட்பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அவ்விலக்கு முதல் உட்பிரிவை மட்டுமே சுட்டுவதால், சொல்லுக்குச் சொல் படித்தால் அந்தச் சிறாருக்கு அது எட்டவில்லை. நாற்பது வயதுக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் அனுப்பினால் 208ஆம் பிரிவு அவரது உரிமத்தைக் காக்கிறது. பதினாறு வயதுக்காரரின் முதல் தவறோ ஒன்பது ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. சிறார் நீதிச் சட்டம் துடைக்க முனைந்த தகுதியிழப்பு இங்கே வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்துள்ளது. தீர்ப்பின் விளைவாக அல்லாமல் குற்றம் ‘புரியப்பட்டதன்’ விளைவாக அது எழுதப்பட்டிருப்பதால், 24ஆம் பிரிவு இதைத் தடுக்குமா என்பதே வாதத்திற்குரியதாகிறது.

ஆறாம் உட்பிரிவில் மட்டுமே இரு மரபுகளும் நேரடியாகச் சந்திக்கின்றன. சிறைத்தண்டனையைச் சிறார் நீதிச் சட்டத்தின்படி மாற்றியமைக்கலாம் என்று அது கூறுகிறது. அங்குச் சுட்டப்படுவது 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 அன்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே அது நீக்கப்பட்டுவிட்டது.