கயிறு சொன்ன தீர்ப்பு

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை சோனகத் தெருப் பக்கம் ஒரு வீட்டு வேலை நடந்த இடத்தில் நின்றேன். செய்வித்து வந்த கதவு நிலையைச் சுவரில் பூட்டியாயிற்று. கதவு மூடவில்லை, மேல் மூலையில் இடித்தது. வேலைக்கு வந்த பொடியன் சீவுளியை எடுத்துக் கதவைச் சீவப் போனான். பக்கத்தில் நின்ற வயதான ஓடாவி ஒருவர் அவனைத் தடுத்தார். ஒரு கயிறை நிலையின் மூலைக்கு மூலை பிடித்து முடிச்சுப் போட்டார். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்தார். முடிச்சு முக்கால் அங்குலம் வெளியே நின்றது.

“கதவில பிழையில்ல தம்பி. நிலைதான் சரிஞ்சிருக்கு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 அடி உயரம், 3 அடி அகலமான நிலை மேலே ஓர் அங்குலம் சரிந்தால், இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையில் ஏறத்தாழ முக்கால் அங்குல வித்தியாசம் வரும். எதிர்ப்பக்கங்கள் சமனாக இருந்து மூலைவிட்டங்களும் சமனானால் அது செவ்வகம். சாதாரண தர வகுப்பில் வருடா வருடம் நான் படிப்பிக்கும் விடயம்தான். ஆனால் அதைக் கயிற்றால் ஒருவர் செய்து காட்டி நான் பார்த்தது அன்றுதான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இந்த வித்தையின் வரலாறு பெரியது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அபுல் வஃபா அல் பூஸ்ஜானி என்றொரு கணித மேதை இருந்தார். குராசானின் பூஸ்ஜானில் 940இல் பிறந்து 998இல் வபாத்தானவர். கைவினைஞர்களுக்குத் தேவையான கேத்திரகணித அமைப்புகளைப் பற்றி அவர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கவராயத்தின் வாயை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல், செங்குத்துக் கோடு முதல் ஐங்கோணி வரை வரையும் முறைகள் அதில் உண்டு. பட்டறையில் வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி. கவராயத்தை அசைக்காவிட்டால் அளவு மாறாது.

அந்த நூலில் ஒரு சம்பவம் வருகிறது. சமனான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்று கைவினைஞர்களும் கணித அறிஞர்களும் கூடிப் பேசுகிறார்கள். கைவினைஞர்கள் காட்டிய வழிகளில் சில கண்ணுக்குச் சரி, கணக்குக்குப் பிழை. அறிஞர்களுக்குக் கோட்டில் நிறுவத் தெரியும், வெட்டிப் பொருத்தத் தெரியாது. அபுல் வஃபா இரண்டையும் சேர்த்தார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தால் வெட்டினார், நான்கு முக்கோணிகள் கிடைத்தன. அவற்றை மூன்றாவது சதுரத்தைச் சுற்றி ஒழுங்காக வைத்து, வெளி முனைகளைக் கோட்டால் இணைத்தார். வெளியே நீட்டிய துண்டுகளை வெட்டினால் உள்ளே இருந்த வெற்றிடங்களுக்குள் அப்படியே பொருந்தின. கண்ணை மட்டும் நம்புவதும் குறை, தாளை மட்டும் நம்புவதும் குறை என்பதே அதன் பாடம்.

‘ஹந்தஸா’ என்ற அரபுச் சொல்லே பாரசீகத்தின் ‘அந்தாஸா’, அதாவது அளவு, என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்திலும் அளவுதான் தச்சுக்கு அடிப்படை. எட்டு நெல் ஒரு விரல், 24 விரல் ஒரு முழம் என்ற கணக்கு பழைய சிற்ப நூல்களில் உண்டு. பக்கங்கள் 3, 4, 5 என்றால் செங்கோணம் என்பதைச் சுல்ப சூத்திரக்காரர்கள் கயிறு கட்டிச் செய்தார்கள். இன்றும் மேசன்மார் அத்திவாரத்துக்கு 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

அன்று அந்த ஓடாவியிடம் கேட்டு எழுதிக்கொண்டவை இவை:

ஒன்று. மரத்தின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் முதலில் நேராக்கி அடையாளம் போட வேண்டும். எல்லா அளவும் அங்கிருந்துதான். வேறு பக்கத்திலிருந்து அளந்தால் கழுந்து துளைக்குள் ஒழுங்காக இறங்காது.

இரண்டு. மூலைமட்டத்தை நம்பமுன் சோதிக்க வேண்டும். பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியில் இன்னொரு கோடு கீற வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

மூன்று. சதுரத் தூணை எண்கோணமாக்க, மூலைவிட்டத்தின் பாதியைக் கவராயத்தில் எடுத்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு பக்கங்களிலும் வெட்டிக் குறிக்க வேண்டும். 12 அங்குலத் தூண் என்றால் பாதி மூலைவிட்டம் ஏறத்தாழ 8½ அங்குலம். ஆகவே மூலைக்கு 3½ அங்குலம் கழியும். எண் எதுவும் தெரியாமலே கவராயத்தால் இதைச் செய்யலாம்.

ஓடாவி என்ற சொல்லுக்கு ஓடம் கட்டுபவர் என்ற பொருளும் உண்டு. நம் குடாநாட்டு வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. நாம் தினமும் கடந்து போகும் கோட்டையும் கேத்திரகணிதம்தான். போர்த்துக்கேயர் நாற்பக்கமாகக் கட்டியதை, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள்.

இனி எங்கள் கதை. 1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்றார்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது பல வீடுகளில் அந்தச் சாவிக்கு உரிய கதவும் இல்லை, கதவைத் தாங்கிய நிலையும் இல்லை. யன்னல், கூரை மரம் எல்லாம் போய்ச் சுவரில் ஓட்டை மட்டும் மிச்சம்.

அந்த நிலைகளைச் செய்தவர்களில் நம் ஓடாவிமாரும் இருந்தார்கள், தமிழ் ஆசாரிமாரும் இருந்தார்கள். நிலை வைக்கும் நாளில் அவர்கள் நம் வீட்டு விருந்தாளிகள். மரம் போனதோடு அந்த உறவும், கையிலிருந்த அறிவும் அறுந்தன. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்ட யாரும் இருக்கவில்லை. மரத்தைத் திரும்ப வாங்கலாம். கயிறு பிடித்துப் பிழை காணும் கையை எங்கே வாங்குவது?

கணிதத்தில் சித்தியடையாத பிள்ளையைப் பார்த்து “இவனுக்குத் தச்சுதான் சரி” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது இரண்டு மடங்கு பிழை. தச்சுக்குக் கணிதம் வேண்டும், அதோடு அது தாழ்ந்த தொழிலும் அல்ல. ஸகரிய்யா நபி அலைஹிஸ்ஸலாம் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்தத் தவணை என் வகுப்பில் அமைப்புகள் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்கப் போவதில்லை. ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கவராயம் வைத்துத் தொடங்கப் போகிறேன். அந்த ஓடாவி வரச் சம்மதித்திருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் பழைய மூலைமட்டம், சீவுளி, கழற்றப்படாமல் தப்பிய நிலை ஏதும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். செய்தவர் யார் என்று வாப்பா, பெரியப்பாமாரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.

வஸ்ஸலாம்.