எறையூர் கரும்பும் இட்லி மாவும்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. 1974ல் அமைந்த தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் கீழ், 1970களின் பிற்பகுதியில் அரவையைத் தொடங்கிய அரசு ஆலை. அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் காத்து நிற்கும். அந்த வரிசைக்குள்ளேயே ஒரு திருட்டு நடக்கிறது. திருடன் கண்ணுக்குத் தெரியமாட்டான்!

பெயர் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய பீட்ரூட் சர்க்கரை ஆலைகளில் குழாய்கள் தவளை முட்டை மாதிரி ஒரு கொழகொழப்பால் அடைத்துக்கொண்டன. 1861ல் லூயி பாஸ்டர் அதற்கு நுண்ணுயிர்தான் காரணம் என்றார். 1874ல் ஷைப்ளர் அந்தப் பசைக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவுக்கு 1878ல் வான் டீகெம் பெயர் சூட்டினார்.

வெட்டுவாய் வழியே கரும்புக்குள் நுழையும் இது, தன் உடம்புக்கு வெளியே ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி சர்க்கரையை உடைத்து, குளுக்கோஸை மட்டும் கோர்த்துப் பசையாக்கிவிடும். மிஞ்சும் ஃபிரக்டோஸ் பாக்டீரியாவுக்கு.

இங்கேதான் அமிலத்தின் வேலை. பாக்டீரியா நன்றாக வளர நடுநிலையை ஒட்டிய சாறு வேண்டும். நொதிக்கோ pH 5.2 பக்கம்தான் பிடிக்கும். புதுக் கரும்புச் சாறும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது (என்ன பொருத்தம் பாருங்கள்). தின்னத் தின்ன பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது, சாறு புளிக்கிறது, அதன் வளர்ச்சி மந்தமாகிறது. ஆனால் நொதி அவ்வளவு சீக்கிரம் நிற்பதில்லை. புளித்த சாற்றைச் சூடாக்கினால் மீதிச் சர்க்கரையும் உடையும். கரும்பு விலையே ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தோடு கட்டப்பட்டிருப்பதால், நஷ்டம் கடைசியில் விவசாயி கணக்கிலும் ஏறுகிறது.

ஆலைகளின் பதில் சுண்ணாம்புப் பால். சாற்றின் pH-ஐ 7 அருகே கொண்டுவந்துவிடுவார்கள். அதிகமானாலும் ஆபத்து, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சிதைந்து நிறம் கறுக்கும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குத் தோண்டுகிற சுண்ணாம்புக்கல்லும் இதே குடும்பம்தான். டைனோசர் காலத்துக் கடலடிப் படிவு. ஆனால் எவ்வளவு சுண்ணாம்பு ஊற்றினாலும், பசையாகிவிட்ட சர்க்கரை திரும்பாது.

இதே 'திருடன்' நம் வீட்டில் நல்லவன். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் இதற்குத்தான் முக்கியப் பங்கு என்று 1965ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாவு புளிக்கப் புளிக்க, அமிலத்தைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் மேலே வரும், இது பின்வாங்கும். அந்த டெக்ஸ்ட்ரானையே 1940களில் ஸ்வீடன் விஞ்ஞானிகள் சுத்தப்படுத்தி, ரத்தம் இழந்தவர்களுக்கு பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றினார்கள்.

எறையூர் வரிசைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அங்கே வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவதுதான் இன்றைக்கும் மருந்து.